அடியிலிருந்து வரைந்த படம்

ஜனவரி 6

என் ஒரே அண்ணனும், ஆகவே வேறு வழியின்றி என் அன்புக்குரிய அண்ணனுமாகிய உனக்கு,

நான் நலம். அப்பா நலம். அவர் ஓட்டும் பேருந்தும் நலம். ஹார்னுக்கு மட்டும் தொண்டை கட்டியிருக்கிறது. அம்மா மருத்துவமனைச் சலவைப் பிரிவில் பகலெல்லாம் போர்வை எண்ணிவிட்டுத் தூக்கத்திலும் எண்ணுகிறார். நீ நலமா? பதில் வந்து சேர்வதற்குள் உனக்கு ஜலதோஷம் வந்து, இருந்து, விடைபெற்றுப் போயிருக்கும். இருந்தாலும் கேட்க வேண்டியது என் கடமை.

எனக்கு ஒரு பூச்சி வேண்டும். முன்னறைச் சாய்வு நாற்காலிக்கு அடியில் ஒளிந்துகொண்டு, அப்பா வேலை முடிந்து வந்து காலை நீட்டும் நேரம் பார்த்து 'ங்கீ' என்று கத்த வேண்டும். உயிருள்ள பூச்சி ஒன்றைப் பிடித்துப் பழக்கிப் பார்த்தேன். சொன்ன நேரத்தில் சொன்னதைச் செய்வதில்லை, என்னைப் போலவே.

பள்ளி நூலகத்துப் புத்தகம் ஒன்று, ஆப்-ஆம்ப் என்ற ஒரு ஐசி சில்லும் மூன்று ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் இருந்தால் சத்தம் எழுப்பும் அலையியற்றி செய்யலாம் என்கிறது. படம் இருந்த பக்கத்தை எவனோ கிழித்துக்கொண்டு போய்விட்டான். வீட்டில் எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனைக் கல்லூரிக்கு அனுப்பி வைத்திருப்பது இதற்குத்தானே? அலையியற்றி என்ற சொல்லிலேயே வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அலைவது நான், இயற்றுவது நீ.

படத்துக்குக் காத்திருக்கும்
வாலு

ஜனவரி 29

அன்புள்ள வாலு,

நான் சுகமாக இருக்கிறேன். தாமதத்துக்குக் கோபிக்காதே, வேலை நெருக்குகிறது. அம்மாவைக் குளிர்ந்த தண்ணீரில் அதிக நேரம் கை வைக்க வேண்டாம் என்று சொல்.

ஆப்-ஆம்ப்பை எட்டுக்கால் சண்டைக்காரன் என்று வைத்துக்கொள். அவனுக்குப் பிளஸ், மைனஸ் என்று இரண்டு காதுகள். பிளஸ் காதில் மின்னழுத்தம் ஒரு பொட்டு அதிகமானால் வெளியீட்டை உச்சத்துக்குத் தூக்குவான். மைனஸ் காதில் அதிகமானால் பாதாளத்தில் தள்ளுவான். நடுநிலை என்பதே கிடையாது.

வெளியீட்டில் பாதியை இரண்டு சம ரெசிஸ்டர்கள் மூலம் பிளஸ் காதுக்கே திருப்பிவிடுகிறோம். மைனஸ் காதில் கெப்பாசிட்டர்; அது ஒரு வாளி. வெளியீடு உச்சத்தில் இருக்கும்போது மூன்றாவது ரெசிஸ்டர் வழியே வாளி நிரம்பும். பாதி உயரத்தைத் தாண்டியதும் சண்டைக்காரன் கட்சி மாறுவான், வெளியீடு கீழே விழும், வாளி காலியாகத் தொடங்கும். கீழே ஓர் எல்லையைத் தாண்டியதும் மறுபடி கட்சி மாறுவான். யாரும் தூண்ட வேண்டாம், தானாகவே மாறி மாறி ஆடுவான். அந்த ஆட்டம்தான் உன் பூச்சியின் சத்தம்.

வாளியை நிரப்பும் ரெசிஸ்டர் பத்து கிலோ ஓம், கெப்பாசிட்டர் 0.01 மைக்ரோ ஃபாரட். இரண்டையும் பெருக்கி, மறுபடி 2.2-ஆல் பெருக்கினால் ஒரு சுற்றுக்கான நேரம் கிடைக்கும். வினாடிக்கு ஏறக்குறைய நாலாயிரத்து ஐந்நூறு சுற்று, பூச்சிக்குச் சரியான குரல். ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டு வேண்டும். இரண்டும் சேரும் நடுப்புள்ளிதான் உன் தரை, அதாவது கிரவுண்ட். ஒன்றே போதும் என்று சிக்கனம் பிடிக்காதே. சத்தத்துக்குப் பழைய அலாரக் கடிகாரத்தின் பித்தளைத் தகடு போதும்.

படமும் மூன்று ஐசியும் இத்துடன். ஐசியில் பள்ளம் உள்ள முனை மேலே.

அண்ணன்

பிப்ரவரி 4

மாண்புமிகு பொறியாளருக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீ அனுப்பிய ஐசிகளில் ஒன்று மட்டும் காலமாகிவிட்டது.

முதலில் பத்து கிலோ ஓமைத் தூக்கிக்கொண்டு வர ஆள் தேடினேன். கடைக்காரர் அரிசிமணி அளவில் ஒன்றை உள்ளங்கையில் வைத்து, "இந்தா, தூக்கிட்டுப் போ" என்றார். அவமானமாகிவிட்டது. பிறகு உன் படத்தை மேஜையில் ஒட்டிவைத்து, ஒவ்வொரு கம்பியையும் கோட்டைப் பார்த்துப் பார்த்துப் பற்றவைத்தேன். பள்ளம் மேலேதான். பேட்டரி இரண்டுதான். பொத்தானை அழுத்தினால் சத்தமே இல்லை. ஐசியைத் தொட்டேன், விரல் சுட்டது. உன் சண்டைக்காரன் யாரோடும் பேசாமல் கோபித்துக்கொண்டே செத்துப்போனான்.

அம்மா வந்து பார்த்தார். "என்னடி, தீஞ்ச வாசம் வருது?"

"அண்ணன் படிப்பும்மா."

"வாயில போடுவேன்!"

இன்னும் இரண்டு ஐசி பாக்கி. அவற்றின் உயிர் உன் கையில்.

கொலைப்பழி சுமக்கும்
வாலு

பிப்ரவரி 20

அன்புள்ள வாலு,

சுகம். உங்கள் சுகம் கண்டு மகிழ்ச்சி.

தவறு என்னுடையது. பழக்கத்தில் ஐசியை அடிப்பக்கம் பார்த்து வரைந்துவிட்டேன். நீ மேலிருந்து பார்த்துக் கம்பி கொடுத்திருக்கிறாய், அதனால் இடம் வலமாகிவிட்டது. படத்தைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார். பின்பக்கம் தெரிவதுதான் உனக்கான படம். அதன்படி செய், கத்தும்.

அண்ணன்

பிப்ரவரி 28

ஜன்னல் வழியே மட்டும் சரியாகத் தெரிகிற அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். பூச்சி மகா நலம்! கத்துகிறது! நீ கல்லூரியில் மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டா பாடம் கேட்கிறாய்? போகட்டும், மன்னித்தேன்.

நடந்ததைக் கேள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அழுத்தினேன். ங்கீ!

"ஏம்மா, வண்டு ஏதாவது வந்துருக்கா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார் அம்மா. அவரை முன்கூட்டியே என் பக்கம் இழுத்திருந்தேன்.

"நாள் பூரா இன்ஜின் சத்தம் கேட்டுக் காது போயிடுச்சு போலிருக்கு" என்று அப்பா விரலால் காதைக் குடைந்தார். மறுபடி ங்கீ. டார்ச்சும் துடைப்பமுமாகத் தரையில் படுத்தவர், நாற்காலிக்கடியில் கம்பியைக் கண்டுபிடித்து, அதைப் பிடித்துக்கொண்டே தவழ்ந்து வந்து என் கால் விரலில் முடிந்தார்.

"இதானாடி வண்டு?"

"வண்டு இல்லப்பா, வாலு."

அடி நிச்சயம் என்று முதுகை இறுக்கிக்கொண்டேன். அப்பா ஐசி பற்றவைத்த பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீயே செஞ்சியா?" என்றார். பிறகு அவரே அழுத்தினார். மறுபடி அழுத்தினார். சாப்பிடக் கூப்பிட்டும் வராமல் அழுத்திக்கொண்டே இருந்தார், அண்ணா! அம்மா வந்து பேட்டரியைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

சாப்பிடும்போது கேட்டார். "இதையே படிக்கணுமா உனக்கு?"

"ஆமாம்பா."

"முன்ன பின்ன தெரியாத ஊருக்குத் தனியா அனுப்ப மாட்டேன். உங்க அண்ணன் இருக்கற காலேஜ்னா சரி. அவன்கிட்ட கேட்டு எழுதறேன். அவன் சரின்னா சரி."

கேட்டாயா? உன் ஒரு 'சரி' போதும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் முப்பது. இல்லாவிட்டால் பள்ளி முடிந்ததும் மாமாவின் மருந்துக் கடையில் பில் போட உட்கார வேண்டும். தலைவலி மாத்திரைக்குப் பில் போட்டுப் போட்டு எனக்கே தலைவலி வந்துவிடும். அப்பாவின் கடிதம் வந்ததும் உடனே எழுது. விடுதிச் சாப்பாடு மோசம் என்றாயே, உன் பங்கையும் நானே சாப்பிட்டு உன்னைக் காப்பாற்றுகிறேன்.

உன் வருங்காலக் கல்லூரித் தோழி
வாலு

மார்ச் 19

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். தாங்களும் அம்மாவும் தங்கையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். அவள் கெட்டிக்காரிதான், ஆனால் விளையாட்டுப் புத்தி. இந்தப் படிப்புக்கு வேண்டிய பொறுமை அவளிடம் இல்லை. அந்தப் பூச்சி மின்சுற்றுகூட நான் வரைந்து கொடுத்துத்தான் வேலை செய்தது. முதல் தடவை அவசரத்தில் ஐசியைக் கருக்கிவிட்டாள். இங்கே பெண்பிள்ளைகள் தங்க வசதியும் போதாது. இப்போதைக்கு மாமா கடையே நல்லது என்று எனக்குப் படுகிறது. நான் இப்படிச் சொன்னதாக அவளிடம் சொல்ல வேண்டாம், மனம் வருத்தப்படுவாள்.

தங்கள் அன்பு மகன்

மார்ச் 24

அண்ணா,

இங்கே எல்லோரும் நலம்.

அப்பாவுக்கு ரகசியம் காக்கத் தெரியாது என்பதை மறந்துவிட்டாய். கடிதத்தை முன்னறையில் உரக்கப் படித்தார். 'அவளிடம் சொல்ல வேண்டாம்' என்ற வரியையும் சேர்த்தே படித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அண்ணன் எது சொன்னாலும் உன் நல்லதுக்குத்தாம்மா சொல்வான். அவன் உள்ள இருந்து பாக்கறவன்."

அவசரத்தில் கருக்கினேனா? தவறு உன்னுடையது என்று உன் கையெழுத்தில் எழுதிய கடிதம் என் மேஜையில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. உன்னைப் பொய்யன் என்று நிரூபித்துத்தான் நான் படிக்கப் போக வேண்டுமா என்று கால் நின்றுவிட்டது.

நான் செய்த குறும்புகளில் உன்னை எத்தனை தடவை மாட்டிவிட்டிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். நிறைய. ஆனால் ஒரு தடவைகூட உன் முதுகுக்குப் பின்னால் இல்லை. நீ துள்ளுவதைப் பார்க்கத்தானே எல்லாம்?

ஏன் என்று மட்டும் சொல். திட்டு, பரவாயில்லை. பொறுமை இல்லாதவள் என்று என்னிடமே சொல். சொல்லாமல் மட்டும் இருக்காதே.

வாலு

ஏப்ரல் 7

அன்புள்ள அண்ணா,

நலம்தானே? போன கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. எழுதும்படியாகவும் நான் எழுதவில்லை. கோபத்தில் ஏதேதோ கிறுக்கிவிட்டேன், அதை அப்படியே விட்டுவிடு. மாமா கடையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். இருமல் மருந்து வாசனை பழகிவிடும் போலிருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். என் வகுப்புத் தோழியின் சொந்தக்காரர் ஒருவர் சொன்னார்: இந்த வருஷம் உங்கள் துறைக்குப் புதிய தலைவராக ஓர் அம்மா வந்திருக்கிறாராமே? ரொம்பக் கண்டிப்பாம். முதலாண்டில் சேர்ந்த பெண்பிள்ளைகள் பாதிப் பேரை அழவைத்தே வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். நான் அப்படி அழக்கூடாது என்றுதான் அப்பாவுக்கு அந்த மாதிரி எழுதினாயா? இதுதான் காரணம் என்றால் எனக்கு மனம் ஆறிவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வாலு

ஏப்ரல் 14

அன்புள்ள வாலு,

சுகம். உன் கடிதம் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கடவுள் போல் அந்தச் சொந்தக்காரர் வந்து சொல்லியிருக்கிறார்.

ஆமாம், அந்த அம்மாவேதான் காரணம். உன்னிடம் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்று பார்த்தேன். தடித்த கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு குடை. வகுப்புக்கு ஒரு நிமிஷம் தாமதமானாலும் கதவைச் சாத்திவிடுவார். போன வாரம் என்னையே எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். நானே நடுங்கினேன் என்றால் நீ எப்படித் தாங்குவாய்? அவர் மாற்றலாகிப் போகட்டும், அப்புறம் பார்க்கலாம். உனக்குக் கெடுதல் நினைப்பேனா நான்?

அண்ணன்

ஏப்ரல் 17

அண்ணனுக்கு,

அந்த அம்மா ஏப்ரல் ஏழாம் தேதி, எங்கள் சமையலறை மேஜையில், என் பேனா முனையில் பிறந்தவர். தோழிக்குச் சொந்தக்காரரும் இல்லை. நான் அவருக்கு முகம்கூட வைக்கவில்லை. நீ கண்ணாடி மாட்டி, கையில் குடையும் கொடுத்து, அவர் முன்னால் நின்று நடுங்கியும் விட்டாய்.

என் வாழ்நாளில் இவ்வளவு கச்சிதமாக ஒரு குறும்பு பலித்ததில்லை. உன் பதிலைப் படித்ததும் சிரிக்க வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை.

போன மாதம் பேட்டரிக்கு மூடி வாங்க, தெருமுனையில் உள்ள ரேடியோ பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். அங்கே சுவரில் ஒட்டியிருந்த படங்களெல்லாம் உன் படம் மாதிரியே இடம் வலமாக இருந்தன. ஏன் என்று கேட்டேன். "நாள் பூரா போர்டைக் கவுத்துப் போட்டு அடியில ஈயம் வைக்கறோம். கண்ணு அந்தப் பக்கமே பழகிடுச்சு" என்றார். அப்போது தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். உன் கடிதத்தை அப்பா படித்த பிறகுதான் அது நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. வீட்டுக்குக்கூட வராமல், மூன்று வாரத்துக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டு நீ எந்தப் பலகையைக் கவிழ்த்துப் போட்டுப் பார்க்கிறாய்?

நீ அந்தக் கல்லூரியில் இல்லை. நான் அங்கே வந்தால் முதல் நாளே உன்னைத் தேடுவேன். அதற்காகத்தான் எனக்குப் பொறுமை இல்லாமல் போயிற்று. சரியா?

அப்பாவிடம் சொல்ல எழுந்து முன்னறை வரை போனேன். திரும்பிவிட்டேன். சொன்னால் அவர் என்ன சொல்வார் என்று உனக்கும் தெரியும். 'பையனே இப்படி ஏமாத்திட்டான், இனிமே நீ எங்கயும் போக வேணாம்.' உன் பொய் என்னை மருந்துக் கடையில் உட்கார வைக்கிறது. உண்மையும் அங்கேயேதான் உட்கார வைக்கும். இரண்டு பக்கமும் பூட்டிவிட்டுச் சாவியோடு போயிருக்கிறாய்.

ஆகவே இன்னொரு பொய் எழுது. இந்தத் தடவை எனக்காக. கடைசி நாளுக்கு முன்னால் அது அப்பா கையில் இருக்க வேண்டும்.

தங்கை

ஏப்ரல் 22

வாலு,

இரண்டாம் ஆண்டின் பாதியில் கல்லூரியிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். கணக்குத் தாள் மூன்று தடவையும் போய்விட்டது. அப்பா பேருந்தில் ஏறுகிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொல்வார் என்று அம்மா எழுதியிருந்தார். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? இதே ஊரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் கடையில் இருக்கிறேன். மாடியில் படுக்கை. உங்கள் கடிதங்களை விடுதிக் காவலாளி எடுத்து வைக்கிறார், ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கிக்கொள்வேன்.

உன்மேல் எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. பயம், அவ்வளவுதான். நீ மின்சுற்று கேட்டபோது எத்தனை சந்தோஷமாக அந்தப் படத்தை வரைந்தேன் தெரியுமா?

அப்பாவுக்கு இன்றே விரைவுத் தபாலில் எழுதிவிட்டேன். பெண்களுக்குப் புதிய விடுதி திறக்கிறார்கள், தங்கையை அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. நீ என்னை மன்னித்துவிட்டாய் என்று ஒரு வரி எழுது. போதும்.

அண்ணன்

ஜூன் 10

அண்ணனுக்கு,

அப்பா நலம். அம்மா நலம். இடம் கிடைத்துவிட்டது.

திங்கட்கிழமை காலை அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வருகிறார். பத்து மணிக்கு ஆண்கள் விடுதி வாசலில் நில். உள்ளே அழைத்துப் போகாதே. தேர்வு நேரம், எல்லோரும் படிக்கிறார்கள் என்று சொல். கையில் இரண்டு தடித்த புத்தகங்கள் இருக்கட்டும். விரல்களில் ஈயம் சுட்ட தழும்பு இருந்தால் ஆய்வகத்தில் பட்டது என்று நீயாகவே முந்திக்கொண்டு சொல்லிவிடு, அப்பா கையைத்தான் முதலில் பார்ப்பார். காவலாளியிடம் பேசி வை. அவர் உன்னைப் பார்த்து 'என்னப்பா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே' என்று சொல்லிவிடக் கூடாது. நீ இப்போது நான்காம் ஆண்டு. மறந்து மூன்று என்று சொல்லிவிடாதே.

அப்பா புதுச் சட்டை தைத்திருக்கிறார். எனக்கு இல்லை, அவருக்கு. 'மகன் படிக்கிற இடத்துக்குப் போறேன், பழசோடவா போறது' என்கிறார். நேற்று என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "அண்ணன் பேச்சைக் கேட்டு நட. அவன் இருக்கான்ற தைரியத்துலதான் அனுப்பறேன்."

"சரிப்பா" என்றேன். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நானும் கற்றுக்கொண்டுவிட்டேன்.

நீ கேட்ட வரி என்னிடம் இல்லை.

மாலைப் பேருந்தில் அப்பாவை ஏற்றிவிடும் வரை என் பக்கத்தில் நில். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைப்பார். இருவரும் சேர்ந்து கையசைப்போம். பேருந்து திரும்பியதும் நீ உன் கடைக்குப் போ, நான் என் விடுதிக்குப் போகிறேன். அதற்குப் பிறகு எனக்கு எழுதாதே. ஒரே ஊரில் இருப்பவர்கள் கடிதம் எழுதிக்கொள்வதில்லை.

தங்கை